இரண்டு படிக்கட்டு இருக்கிறது என்று சொல்லித் தந்த வீடு

மட்டக்களப்பு டவுனுக்குள் மாடி வீடு வாடகைக்குத் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். நாங்கள் நெருப்பில் அகப்பட்டு, பிறகு விட்டு வந்த வீட்டில் மறுபடியும் 'வாடகைக்கு' என்று மட்டை தொங்குகிறது. நேற்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்டேன். இரவு முழுக்க நித்திரை வரவில்லை.

திருமலை வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கை. கீழே மெத்தைக் கடை, அதற்கு மேல் மூன்று மாடி. கணவர் கட்டாரில் வேலை. நானும் அம்மாவும் ஏழு வயது மகனும்தான் இருந்தோம், மூன்றாம் மாடியில். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்பதால் நான் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். புரோக்கர் விடவில்லை. "பயப்படாதீங்க தங்கச்சி, இதுக்கு ரெண்டு படி இருக்கு, முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு. நெருப்பு அணைக்கிற சிலிண்டரும் மாட்டியிருக்கு. டவுனுக்குள்ள இப்படி எங்க கிடைக்கும்?" என்றார். அந்தப் பேச்சுக்காகவே பக்கத்து வீடுகளை விட மாதம் 5000 ரூபா கூடக் கொடுத்தேன், ஆறு மாத முற்பணத்தோடு. பின்கதவைத் திறந்து பார்த்தேன், படி கீழே போவது தெரிந்தது. சரி என்று கதவைச் சாத்திவிட்டேன். இறங்கிப் பார்க்கவில்லை.

கச்சான் காற்று அடிக்கிற காலம். ஒரு நாள் விடியப்புறம் இரண்டு மணிக்குப் பிறகு இரண்டாம் மாடி மாமி வந்து கதவில் அடித்தா. "புள்ள எழும்புங்க, கீழ புகையுது!" முன்படிக்கட்டின் அடியில்தான் முழுக் கட்டடத்துக்கும் மீற்றர் போர்ட். அதில் ஷோர்ட்டாகி வயர் பற்றியிருக்கிறது. போர்டுக்குப் பக்கத்திலேயே கடைக்காரர் வெறும் பெட்டிகளையும் மெத்தை சுற்றி வருகிற பிளாஸ்டிக் உறைகளையும் குவித்து வைத்திருந்தார்.

நெருப்பு ஒரு ஆள் உயரம்கூட இல்லையாம். எங்களை மடக்கியது புகை. சூடான புகை மேலேதான் ஏறும். படிக்கட்டு அதற்கு நல்ல புகைபோக்கி. மொட்டைமாடிக் கதவும் மூடியிருந்ததால் உச்சியில் தேங்கி அங்கிருந்து கீழ்நோக்கி நிரம்பிக்கொண்டு வந்தது. அதனால் நெருப்புக்கு ஆகத் தூரத்தில் இருந்த எங்கள் வாசல்தான் முதலில் கறுத்தது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பி.வி.சி. வயர் எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வரும், எந்த நெருப்பிலும் காபனோரொட்சைட்டு வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன். அன்றைக்குத்தான் அது தொண்டையில் இறங்கியது. ஒரு மூச்சுக்கு மேல் எடுக்க முடியவில்லை.

சுவரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரை மாமியின் கணவர் எடுத்தார். அதன் பிடியில் செருகியிருக்கும் பாதுகாப்பு ஊசி துருப்பிடித்து இறுகியிருந்தது. சாரத்தின் தலைப்பைச் சுற்றி இழுத்துக் கழற்றி அமத்தினால், வாய்ப்பக்கத்தில் ஒரு பிடி தூள் உதிர்ந்தது, அவ்வளவுதான். பிறகு பகலில் பார்த்தேன். சிலிண்டரில் அமுக்கம் காட்டுகிற முள் சிவப்பில் கிடந்தது. கடைசியாக நிரப்பியது 2016 என்று லேபிளில் இருந்தது.

அப்புறம் பின்படி. மகனை நான் தூக்க, அம்மாவை மாமி பிடிக்க, போன் வெளிச்சத்தில் இறங்கினோம். முதலாம் மாடித் திருப்பத்தில் இரும்புக் கேட். அதில் ஆமைப்பூட்டு. கேட்டுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் சுற்றிய மெத்தைகள், கூரை முட்ட. பூட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது. எத்தனை மாதம் யாரும் அதைத் தொடவில்லையோ. அந்த வலையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

110க்கு எடுத்துச் சொன்னோம். கல்லடியில் இருக்கும் வீட்டுக்காரருக்கு எடுத்தால், "சாவி கடைக்காரர்ட்ட இருக்கு" என்றார். கடைக்காரரின் போன் ஓஃப். திரும்ப வீட்டுக்குள் போயும் தப்ப முடியாது, பல்கனியையும் கள்ளருக்குப் பயந்து கீழிருந்து மேல்வரை கம்பி வைத்து வெல்டிங் பண்ணியிருந்தார்கள். பின்கதவைச் சாத்தி, அடியில் அம்மாவின் சால்வையை வைத்து அடைத்துவிட்டு, படியிலேயே குனிந்து உட்கார்ந்தோம். எங்கள் சத்தம் கேட்டு முன்னாலிருக்கும் தேத்தண்ணிக் கடைத் தம்பி அலவாங்கோடு ஓடி வந்தார். மெத்தைகளை ஒவ்வொன்றாய் இழுத்து ஒழுங்கையில் எறிந்து, பூட்டை நெம்பி உடைத்தார். அம்மா ஒவ்வொரு படியாய் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினா. நாங்கள் ரோட்டுக்கு வரவும் தீயணைப்பு வண்டி வரவும் சரியாக இருந்தது. அந்த மெத்தைகளில் பற்றியிருந்தால் வேறு கதை. ஸ்பொஞ்ச் எரிந்தால் ஐதரசன் சயனைட்டு என்கிற கொடிய நச்சு வாயுவும் வரும்.

அம்மா மூன்று நாள் ஆசுபத்திரியில் இருந்தா. வீட்டுக்காரர் வந்து பார்க்கவில்லை. நான் போய்க் கேட்டதற்கு, "ஒண்டும் நடக்கல்லதானே, கள்ளருக்காகத்தானே பூட்டினது" என்றார். கள்ளர் பயம் எனக்கும் விளங்கும். ஆனால் உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்கிற தாழ்ப்பாள் போட்டாலும் கள்ளன் வெளியில்தான் நிற்பான். ஒன்றும் நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூன் 12 குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் தரைமாடியில் பிடித்த தீயில் ஐம்பது பேரளவில் போனார்கள், பெரும்பாலும் புகையால். மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. அதே வருடம் பெப்ரவரி 29 டாக்கா பெய்லி வீதியில் 46 பேர். அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் காஸ் சிலிண்டர்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. கரி பிடித்த சுவருக்குப் பெயின்ட் அடிக்கவும், 'பாவித்து முடித்த' தீயணைப்பு சிலிண்டருக்கும் கழித்தாராம். வெறும் சிலிண்டருக்கு என்னிடம் காசு! பிறகு விசாரித்ததில், அந்தக் கட்டடத்துக்கு அனுமதி எடுத்தது இரண்டு மாடிக்குத்தான், நாங்கள் இருந்த மூன்றாம் மாடி பிறகு ஏற்றியது என்று தெரிந்தது. கட்டி முடிந்ததும் உள்ளூராட்சி சபை கொடுக்கிற இணக்கச் சான்றிதழ், எல்லாரும் சி.ஓ.சி. என்பார்களே, அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள். எத்தனை மாடிக்கு என்று வாசித்தும் பாருங்கள்.

வீடு பார்க்கப் போனால் பின்படியால் ரோட்டில் கால் படும்வரை இறங்குங்கள், முடிந்தால் இரவில், வீட்டில் நடக்க ஆகக் கஷ்டப்படுகிறவரையும் கூட்டிக்கொண்டு. நடுவில் கேட் இருந்தால் சாவி யாரிடம் என்று கேட்டு, அந்த இடத்திலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். தூள் சிலிண்டரின் முள் பச்சையில் நிற்க வேண்டும். காபனீரொட்சைட்டு சிலிண்டருக்கு முள்ளே கிடையாது, நிறுத்துப் பார்த்துத்தான் சொல்லலாம், அதனால் கடைசியாகச் சோதித்த திகதியைப் பாருங்கள். கம்பி அடித்த பல்கனியில் ஒரு பக்கமாவது உள்ளேயிருந்து திறக்க வேண்டும். பின்படி எந்த நேரமும் திறந்திருக்கும், அதில் சாமான் வைக்கப்படாது என்று வாடகை உடன்படிக்கையிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

பெயர் போட்டு எழுத விரும்பவில்லை. அந்த ஒழுங்கையில் வீடு பார்க்கிறவர்கள் தனியாகக் கேளுங்கள், எந்தக் கட்டடம் என்று சொல்கிறேன். பின்பக்க கேட்டில் இப்போது புதுப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று தேத்தண்ணிக் கடைத் தம்பி சொன்னார்.