மின்பொறியியலா, கணினி அறிவியலா, இரண்டும் சேர்ந்ததா?

"ஹார்டுவேர் பிடித்தால் மின்பொறியியல், சாஃப்ட்வேர் பிடித்தால் கணினி அறிவியல்." இளநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்க நிற்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் இது. பாதிதான் சரி. மின்பொறியியல் மாணவரும் மணிக்கணக்கில் புரோகிராம் எழுதுவார். சிக்னல் ப்ராசஸிங் பாடம் முழுவதையும் சாலிடரிங் அயர்னைத் தொடாமலே முடித்துவிடலாம். இரண்டும் பிரிகிற இடம் முதலில் கணக்கு, அப்புறம் தவறு நடக்கும் விதம்.

மின்பொறியியலின் கணக்கு தொடர்ச்சியானது. மின்னழுத்தம் 3.1 வோல்ட்டிலிருந்து 3.2-க்குப் போனால், நடுவில் இருக்கும் எல்லா மதிப்புகளையும் தொட்டுக்கொண்டுதான் போகும். அதனால்தான் வகைக்கெழுச் சமன்பாடுகள், கலப்பெண்கள், ஃபூரியே மாற்றம், மேக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று வரிசை கட்டி வருகின்றன. கணினி அறிவியலின் கணக்கு துண்டு துண்டானது: கணங்கள், தர்க்கம், கிராஃப் கோட்பாடு, எண்ணும் முறைகள், கணிதத் தொகுத்தறிதல். பள்ளியில் நுண்கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கூட இங்கே "நிறுவுக" என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்துவிடுவதுண்டு. நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் இரண்டுக்கும் பொது. இயந்திரக் கற்றலை மனதில் வைத்திருப்பவருக்கு எந்தப் பக்கம் போனாலும் இவை இரண்டும் கிடைத்துவிடும்.

இனி தவறுகள். மின்பொறியியல் ஆய்வகத்தில் அடிக்கடி நடக்கிற ஒரு கூத்து. சர்க்யூட் 5 வோல்ட் தர வேண்டும்; மின்னழுத்தத்தை அலைவடிவமாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப்பின் திரையில் அரை வோல்ட்தான் தெரிகிறது. மாணவர் ரெசிஸ்டரை மாற்றுகிறார், ஐ.சி. சிப்பை மாற்றுகிறார், கடைசியில் எல்லாவற்றையும் செருகி வைத்திருக்கும் பிரெட்போர்டையே மாற்றுகிறார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், சர்க்யூட்டைத் தொட்டு அளக்கும் ப்ரோபின் பக்கவாட்டில் இருக்கும் குட்டி ஸ்விட்ச், அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் பத்து மடங்கில் இருக்கிறது, ஆஸிலாஸ்கோப்போ ஒரு மடங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சர்க்யூட் முதலிலிருந்தே ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது! இன்னொரு நாள், சர்க்யூட் மேல் விரலை வைத்தால் ஓடும், எடுத்தால் நின்றுவிடும். எங்கேயும் இணைக்காமல் விட்ட, சிப்பின் ஒரு இன்புட் கால்தான் காரணமாக இருக்கும். அளக்கிற கருவியையே சந்தேகப்படும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

கணினி அறிவியலின் தவறுகளுக்கு முகம் வேறு. வரிசைப்படுத்திய பட்டியலில் ஒன்றைத் தேட நடு இடத்தைப் பார்த்து, பாதியைத் தள்ளிவிட்டு, மறுபடி நடு இடம் பார்க்கும் பைனரி தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். நடு இடம் காண, தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் 32 பிட் முழு எண்ணில் கூட்டுத்தொகை 2,14,74,83,647-ஐத் தாண்டினால் அது எதிர்ம எண்ணாகப் புரண்டுவிடும். ஜாவா என்ற நிரல்மொழியின் நூலகத்திலேயே இந்தப் பிழை ஆண்டுக்கணக்காக ஒளிந்திருந்தது. அந்த நிரலை எழுதிய ஜோஷுவா ப்ளோக்கே 2006-இல் பிழையை எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். அத்தனை காலம் யார் கண்ணிலும் படாததற்குக் காரணம், பட்டியலில் நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால்தான் அது தலைகாட்டும். அல்காரிதம் சரி என்ற நிறுவலில் குறையில்லை. அந்த நிறுவலில் எண்களுக்கு எல்லை கிடையாது, கணினியில் உண்டு, அவ்வளவுதான்.

கணக்கு சரியாக இருந்தும் இயந்திரத்தின் எல்லையில் இடறிய இந்தப் பிழையைப் பார்க்கும்போதே, இரண்டும் சேர்ந்த கூட்டுப் படிப்பு என்ற மூன்றாவது தேர்வின் நியாயமும் புரிந்துவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 1975-இல் தன் மின்பொறியியல் துறையின் பெயரிலேயே கணினி அறிவியலையும் சேர்த்துக்கொண்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு வழிகளும் உண்டு: பொறியியல் கல்லூரியின் கூட்டுப் படிப்புக்கு பி.எஸ். பட்டம், தனியான கணினி அறிவியலுக்கு பி.ஏ. பட்டம். பி.ஏ. என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இரு பக்கத்து மாணவர்களும் 61ஏ, 61பி, 61சி என்ற அதே தொடக்கக் கணினி வகுப்புகளில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். கூட்டுப் படிப்பில் இயற்பியலும் சர்க்யூட்டும் கூடுதலாகக் கட்டாயம், பி.ஏ.வில் மொழியியலோ பொருளாதாரமோ சேர்த்துப் படிக்க இடம் அதிகம்.

கூட்டுப் படிப்பு என்றால் இரண்டையும் முழுசாகப் படித்துவிடலாம் என்பது ஆசைதான். நான்கு ஆண்டு நான்கு ஆண்டுதான். இரு பக்கத்து அடிப்படைகளும் தொடக்க ஆண்டுகளை விழுங்கிவிடும். மேல்வகுப்பில் ஆன்டெனா வடிவமைப்புப் பாடமும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பாடமும் ஒரே நேரத்துக்கு அடித்துக்கொள்ளும். பலரும் மூன்றாம் ஆண்டில் கணினிப் பக்கமே சாய்ந்து முடித்துவிடுகிறார்கள். பட்டத்தில் இரண்டு பெயர், பாடப்பட்டியலில் ஒன்று. கணினிப் பொறியியல் என்று தனியாக இருக்கும் இடங்களில் ப்ராசசரும், கருவிகளுக்குள் பொதிந்திருக்கும் குட்டிக் கணினிகளான எம்பெடட் சிஸ்டமும்தான் மையம். சிப் வடிவமைப்புதான் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு அது நேர்வழி.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் நடுவில் உண்மையிலேயே ஊசலாடுகிறவர் மின்பொறியியல் பக்கம் அல்லது கூட்டுப் படிப்பில் தொடங்குவது நல்லது. புதிய நிரல்மொழியையோ டேட்டாபேஸையோ வேலைக்குப் போன பிறகும் ஒரு லேப்டாப்பை வைத்துக் கற்றுக்கொள்ளலாம். மின்காந்தவியலை வேலைக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து கற்ற ஆள் அபூர்வம். ஆய்வகக் கருவிகளும் வீட்டில் இருக்காது. ஆனால் நிறுவல்களிலும் அல்காரிதங்களிலும் ஏற்கெனவே மனம் லயித்துப்போனவருக்கு இது பொருந்தாது. அவரை மூன்று செமஸ்டர் சர்க்யூட் பாடத்தில் உட்கார வைப்பது வீண்.

இன்னும் முடிவு வரவில்லையா? சேர நினைக்கும் படிப்புகளின் மூன்றாம் ஆண்டுப் பாடங்களில் இரண்டை எடுத்து, அவற்றின் பழைய வீட்டுக் கணக்குத் தாள்களைத் தேடிப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்கள் இவற்றை இணையத்தில் பொதுவில் வைத்திருக்கின்றன. விடை தெரிய வேண்டியதில்லை. எந்தத் தாளை மூடி வைக்க மனம் வரவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.