நைனாவின் தொப்பிச் சத்தத்துக்காக வாங்கிய சப்வூஃபர்

எங்க நைனா முப்பது வருஷம் கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர். ஆற்காட்டை அடுத்த திமிரி, கலவை பக்கம் பாரதக் கூத்து என்றால் விடிய விடிய வாசிப்பார். அப்படி ஒரு ராத்திரி வாசித்தது கேசட்டில் கிடந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி, வேலூர் சத்துவாச்சாரி வீட்டு ஹாலில் போட்டுக் காட்டினேன். 5 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு, பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று. ரெண்டு நிமிஷம் கேட்டவர், "இன்னாடா இது, வலந்தலை மட்டும்தான் கேக்குது. தொப்பி எங்க?" என்றார். வலந்தலை மிருதங்கத்தின் வலது முகம், தொப்பி கனத்த சத்தம் தரும் இடது முகம். அதில் ரவை பூசி, உள்ளங்கையால் அழுத்தி எழுப்பும் அந்தக் கும்கி, சறுக்கி ஏறும் அந்த ஒலி, சுத்தமாக இல்லை. அன்றைக்கே, கீழ்ச் சத்தத்துக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபர் வாங்குவதென்று முடிவு செய்தேன்.

வாங்கியது போல்க் ஆடியோ பிஎஸ்டபிள்யூ10. 10 இன்ச் கோன் (முன்னும் பின்னும் அசைந்து சத்தம் எழுப்பும் கூம்பு), உள்ளேயே 50 வாட்ஸ் ஆம்ப், முன்பக்கம் காற்று போய்வரும் துளையான போர்ட். இதைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் பின்பக்கம் இருக்கும் ஸ்பீக்கர் லெவல் இன்புட். என் ஆம்ப்ளிஃபயரில் சப் அவுட், அதாவது சப்வூஃபருக்கென்று தனி வெளியீடு, கிடையாது. ஸ்பீக்கர் வயர் போகும் அதே முனையிலிருந்து இன்னொரு ஜோடி வயரை சப்புக்கு இழுத்தால் போதும். சப் அந்த வயரிலிருந்து சிக்னலை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், பவரை இழுக்காது. ஆம்ப் சூடாகுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

மாட்டிக் கொடுக்கக் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். பெட்டியை மூலையில் தள்ளினான், எல்லாத் திருகையும் முக்கால் வாசிக்கு ஏற்றினான், ஒரு குத்துப் பாட்டைப் போட்டான், ஜன்னல் அதிர்ந்தது, போய்விட்டான். நைனாவின் கேசட்டைப் போட்டால் முன்பைவிட மோசம். ஹாலெல்லாம் 'ஊம்' என்று ஒரு இரைச்சல். அதைவிட எனக்கு வலித்தது, கட்டியக்காரன் குரல் நடுவில் நிற்காமல் ரெண்டு பக்கமும் பிய்ந்து கேட்டது.

மூன்று நாள் சப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் டார்ச் அடித்து ஸ்பீக்கர்களின் முதுகைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தெரியும் வயர், ஒரு இழை செம்பு நிறம், ஒரு இழை வெள்ளி நிறம். வலது ஸ்பீக்கரில் செம்பு சிவப்பு முனையில் இருந்தது. இடதில் செம்பு கறுப்பு முனையில். சப் வயரைச் சேர்க்கப் பழைய வயர்களைக் கழற்றிய பையன், ஒன்றைத் திருப்பி மாட்டியிருக்கிறான். ஒரு கோன் முன்னே வரும்போது இன்னொன்று பின்னே போகும், கீழ்ச் சத்தம் ஒன்றையொன்று அடித்துவிடும். கேசட் மோனோ என்பதால் ரெண்டு பக்கமும் ஒரே சிக்னல், அடி பலமாகவே விழுந்தது. ஆம்ப்பை அணைத்து வயரை மாற்றினேன். கட்டியக்காரன் நடுவுக்கு வந்துவிட்டான். ஆள் வந்து மாட்டிக் கொடுத்தாலும், அவர் கிளம்பும் முன் ரெண்டு ஸ்பீக்கரின் நிறங்களையும் நீங்களே ஒரு தரம் பாருங்கள்.

இரைச்சலுக்குக் காரணம் மூலை. ஹால் 15 அடிக்கு 10 அடி. 10 அடி அகலத்துக்குள் 56 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலை சரியாகப் பொருந்திவிடும். சுவரோரம் அது ஊதிப் பெருக்கும், அறையின் நடுவில் காணாமல் போகும். மூலையில் வைத்த சப் அறையின் இந்த மாதிரி அலைகளை எல்லாம் ஒரேயடியாகக் கிளப்பிவிடும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு: கேட்பவர் உட்காரும் இடத்தில் சப்பை வைத்து, எங்கே நின்று கேட்டால் நன்றாக இருக்கிறதோ அங்கே சப்பை மாற்றுவது. நைனா உட்காரும் மர நாற்காலியில் சப்பைத் தூக்கி வைத்தேன். தொப்பி விழும் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டேன். முட்டி போட்டு, சுவரை ஒட்டி, தரையோரம் காதை வைத்துக்கொண்டே நகர்ந்தேன். மூலையில் ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்தது வந்து ஒட்டிக்கொண்டது. நீளச் சுவரின் நடுவில் ஒன்றுமே இல்லை. மூலையிலிருந்து மூணடி தள்ளி, அம்மாவின் தையல் மிஷின் பக்கத்தில், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கும்கி சறுக்கி ஏறுவது வரை கேட்டது. மிஷின் ஜன்னல் பக்கம் போனது, அந்த மூணடி இடத்துக்கு சப் வந்தது.

மற்றதெல்லாம் அரை மணி நேர வேலை. எந்த அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை சப் வாசிக்கும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். சப் கோன் அசையும் திசையைத் திருப்பும் ஃபேஸ் சுவிட்சை நான் தட்ட, நாற்காலியில் இருந்து எது கனமாகக் கேட்கிறது என்று நைனா சொன்னார். வால்யூமை, சப் தனியாக ஒலிக்கிறது என்று தெரியாத அளவுக்குக் குறைத்தேன். மெல்லிய 'ம்ம்ம்' ஒன்று இருந்தது, ஆம்ப்போடு இணைந்திருந்த டிவியிலிருந்து கேபிள் வயரை உருவியதும் நின்றது.

படத்துக்கு இந்த இணைப்பு பாதிதான். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்புமாகப் பிரியும் 5.1 ஒலியில் வெடி, இடிக்கென்றே எல்எஃப்இ என்று தனிச் சேனல் உண்டு. டிவி அதை ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது பெரும்பாலும் அந்தச் சேனல் கழன்றுவிடும். படம்தான் முக்கியம் என்றால், அந்த 5.1 ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஏவி ரிசீவர் வாங்குங்கள். சப் அவுட்டிலிருந்து ஒரே ஆர்சிஏ கேபிள், மெனுவில் ஸ்பீக்கரை 'ஸ்மால்' (கீழ்ச் சத்தம் சப்புக்குப் போகட்டும் என்று பொருள்) என்று வைத்து 80 ஹெர்ட்ஸ், சப்பின் கிராஸ்ஓவர் திருகை முழுசாக மேலே. ரிசீவரின் வடிகட்டியும் சப்பின் வடிகட்டியும் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது. நண்பனின் ரிசீவரை ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன், பரணில் அடுக்கியிருந்த பித்தளைப் பாத்திரம் பேசியது. ஆனால் இந்தப் பெட்டி 20 ஹெர்ட்ஸ் வரை இறங்காது. வயிற்றைப் புரட்டும் அதிர்வு வேண்டுமென்றால் 12 இன்ச்சும் அதற்கேற்ற பணமும் வேண்டும். மிருதங்கத்துக்கும் பாட்டுக்கும் எனக்கு இதுவே நிறைவு.

மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கைக்குழந்தை. சுவரைவிடக் கான்கிரீட் தளம் வழியாகத்தான் கீழ்ச் சத்தம் போகிறது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வால்யூம் நிற்க வேண்டிய இடத்தில் அம்மா ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். நைனா அந்தப் பொட்டுக்குக் குறைத்துவிட்டு, நாற்காலியை ரெண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார்.