சான்டா பார்பராவா, வென்டுராவா?

ஸ்பானிய மிஷனை (கத்தோலிக்கப் பாதிரியார்களின் மதப்பணி மையம்) சுற்றி வளர்ந்த கலிஃபோர்னியக் கடலோர ஊர் என்றதும் பலரும் சான்டா பார்பராவைத்தான் சொல்வார்கள். ஆனால் அங்கே முதலில் வந்தது ராணுவக் கோட்டை, 1782-ல். மிஷன் 1786-ல்தான். ஊரெங்கும் தெரியும் சிவப்பு ஓட்டுக் கூரைகள் பெரும்பாலும் 1925 நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்தவை. பழசு மாதிரி புதுசு! மிஷனின் தேவாலயமோ நிஜமாகவே பழசு. 1820-ல் கட்டி முடித்தது. அங்கே உழைத்த சூமாஷ் என்ற பூர்வகுடி மக்கள் 1824-ல் கிளர்ந்தெழுந்தார்கள்.

வென்டுரா அப்படியல்ல. 1782 ஈஸ்டர் அன்று ஹூனிபெரோ செர்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் நிறுவிய மிஷன்தான் ஊருக்கே விதை. இன்றும் மெயின் ஸ்ட்ரீட்டில் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் மரத்தால் செய்த மணிகளைப் பார்க்கலாம். அழகுக்கு சான்டா பார்பரா, சரி. வரலாற்றுக்கு என் ஓட்டு வென்டுராவுக்கே. நடுவில் சுமார் 45 கி.மீ.தான், ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.