மார்கழியில் காலை வாரிய டிமல்சிஃபயர்

விற்க வந்தவர் சொன்ன வேகம் உண்மைதான். அதை மட்டும் நம்பி, கச்சா எண்ணெயில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் இந்த டிமல்சிஃபயரை வாங்கிவிடாதீர்கள். கம்பெனி பெயர் வேண்டாம்; நீலப் பீப்பாயில் சைலீன் வாடையோடு வருகிற பழுப்புச் சரக்கு.

திருவாரூர்ப் பக்கம் ஓர் எண்ணெய் சேகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கிணறுகளில் இருந்து குரூடும் (கச்சா எண்ணெய்) உப்புத் தண்ணீரும் சேர்ந்தே வரும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்விலும் பம்பிலும் அடிபடும்போது, தயிர் கடைபடுவது போல இரண்டும் கடைபட்டு, தண்ணீர் பொடித்துளிகளாக எண்ணெய்க்குள் சிதறிவிடும். ஒவ்வொரு துளியையும் சுற்றி குரூடிலேயே இருக்கும் ஆஸ்ஃபால்டீன், ரெசின், மெழுகு எல்லாம் படிந்து தோல் கட்டிவிடும். அப்புறம் எத்தனை முறை மோதினாலும் துளிகள் ஒன்று சேராது. டிமல்சிஃபயர் அந்தத் தோலுக்குள் புகுந்து இடம்பிடித்து அதைத் தளர்த்துகிறது. துளிகள் சேர்ந்து பெரிதாகின்றன. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் கீழே இறங்கும் வேகம் நான்கு மடங்கு. மிச்சத்தை எடை பார்த்துக்கொள்ளும்.

இந்தத் தண்ணீரை இங்கேயே பிரிக்காவிட்டால், அதிலுள்ள உப்பு சுத்திகரிப்பு ஆலை வரை போய், சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி இரும்பைத் தின்னும்.

சரி, குரூடில் சரக்கைக் கலந்து தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்று பார்க்கும் பாட்டில் டெஸ்டுக்கு வருவோம். 100 மி.லி. சாம்பிளில் சரக்கின் 10 சதவீதக் கரைசல் 0.05 மி.லி., அதாவது 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு). குலுக்கி 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்தோம்; பக்கத்தில் எங்கள் பழைய சரக்கு. ஐந்தே நிமிடத்தில் புதுசு பாதித் தண்ணீரைக் கீழே தள்ளிவிட்டது. “பாத்தீங்களா சார்!” என்று விற்க வந்த ரெப் பையை மூடப் போனார். உட்காருங்கள், டீ வரட்டும் என்றேன். (ரெப்களுக்கு எப்போதுமே பத்தாவது நிமிடத்தில் அவசர வேலை வந்துவிடும்.)

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே விரற்கடை உயரத்துக்குப் பழுப்பு நுரை, அடித்தண்ணீரும் கலங்கல். மெதுவாகத் தொடங்கிய பழைய சரக்கில் எல்லைக்கோடு சுத்தமாகத் தெரிந்தது. மேலெண்ணெயை எடுத்து டொலுவீன் சேர்த்து சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினோம். பழையதில் மிச்சத் தண்ணீர் 0.3 சதவீதம், புதியதில் 0.8. எங்களுக்கு 0.5-க்குள் வேண்டும்.

கூடுதலாகப் போட்டால் சரியாகும் என்றார். 100 பிபிஎம் போட்டோம். நுரை இன்னும் தடித்தது. அளவு மீறினால் பிரிக்க வந்ததே கலக்கிவிடும் ஆளாக மாறிவிடும். 30-க்குக் குறைத்து, சூட்டை 70-க்கு ஏற்றியதும்தான் சரக்கின் நிஜ முகம் தெரிந்தது: நுரை போய், மிச்சம் 0.4.

ஆக, சரக்கு மோசமில்லை, சூடு கேட்கிறது. நிலையத்தில் போட்டுப் பார்த்தபோது, மார்கழி விடியலில் லைனில் மெழுகு கெட்டிப்படும் நேரத்தில் ஹீட்டரால் 70-ஐப் பிடித்து நிறுத்த முடியவில்லை. “சார், லெவல் கிளாஸ்ல கோடே தெரியல” என்று (எண்ணெய், தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடி அது) நைட் ஷிப்டில் இருந்து போன் வந்தது. அன்றைக்கே பழையதற்கு மாறிவிட்டோம்.

புதுசின் விலை லிட்டருக்குப் பழையதைப் போல ஒன்றரை மடங்கு. பீப்பாய் விலையைப் பார்த்து மிரள வேண்டாம்: ஒரு லட்சம் லிட்டர் குரூடுக்குப் பழையது 5 லிட்டர், இது 3 லிட்டர். கணக்குப் போட்டால் பத்தில் ஒரு பங்கு மிச்சம், ஆனால் சூடேற்றும் கேஸ் அதை விழுங்கிவிடும். குரூடு தானே சூடாக வருகிற சித்திரை, வைகாசியில் தாராளமாக எடுக்கலாம். நாங்களும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சோதிக்கிறவர்கள் லைனில் பிடித்த கையோடு சோதியுங்கள். ரெப் காரில் கிடந்த நேற்றைய சாம்பிளில் தோல் இறுகியிருக்கும். அதில் வருகிற ரிசல்ட்டை நம்பி சரக்கை லைனில் செலுத்தும் டோசிங் பம்பின் அளவை மாற்றாதீர்கள்.