கடலூர் மருந்துக்கடை மாஸ்க்குகள்: எதை நம்பி வாங்கலாம்?

காய்ச்சல் பரவுகிறது என்ற பேச்சு கிளம்பியதும் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் மருந்துக்கடைகளில் மூன்று ரகம் முன்னுக்கு வந்துவிடும்: நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க், காதில் மாட்டும் 'என்95', தலைக்குப் பின்னால் இரண்டு நாடா போகும் என்95. கூட்டத்துக்குள் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது மூன்றாவதைத்தான்.

0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டினால்தான் அது என்95. ஆனால் கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் மூச்சு அந்த வழியாகவே போய்வரும். துணி எவ்வளவு தரமாக இருந்தும் பயனில்லை. தலை நாடா அளவுக்குக் காது நாடா முகத்தோடு இறுக்கிப் பிடிப்பதில்லை. அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான 'நியாஷ்' (NIOSH) அங்கீகாரம் என்று அச்சிட்ட மாஸ்க்கில் காது நாடா இருந்தால், போலி என்றே சந்தேகப்படுங்கள்.

நம் ஊர்த் தயாரிப்பில் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 9473 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அது யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்பது கடையில் நிற்கும்போதே தெரிந்துவிடும். பெட்டியைக் காட்டாமல் உதிரியாக எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். காலாவதித் தேதியைப் பெட்டியில் பார்க்க வேண்டும். பழைய சரக்கில் ரப்பர் நாடா இழுத்ததும் அறுந்துவிடும். மூக்குப் பகுதி ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிரும்.

வால்வு வைத்தது வேண்டவே வேண்டாம். நாம் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியே போகும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் இதை எச்சரித்தது. வீட்டில் காய்ச்சல்காரருக்கு அதைப் போட்டுவிட்டால் மற்றவர்களுக்குப் பாதுகாப்பே இல்லை.

தலை நாடா வகையில் 3எம் 8210 நல்ல தேர்வு: வால்வு இல்லை, கிண்ண வடிவம், வாயோடு ஒட்டாது. எந்த மாஸ்க்கானாலும் மேல் நாடா உச்சந்தலையில், கீழ் நாடா காதுக்குக் கீழே பிடரியில். இரண்டும் குறுக்கே போகக் கூடாது. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராக மடங்கி இரு பக்கமும் காற்று கசியும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு இரு கையாலும் மாஸ்க்கை மூடி பலமாக மூச்சு விடுங்கள். கண்ணில் காற்றுப் பட்டால் கம்பியைச் சரிசெய்யுங்கள். ஓரத்தில் பட்டால் நாடாவை. தாடி இருந்தால் இந்தச் சோதனை தேறாது.

துவைக்கவோ சானிடைசர் தெளிக்கவோ கூடாது. உள் அடுக்கில் உள்ள மின்னேற்றம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பும் ஆல்கஹாலும் அதை அழித்துவிடும். காலையில் பாண்டி பஸ் நெரிசலில் வியர்த்து நனைந்த மாஸ்க்கை மாற்றிவிடுங்கள். நனையாததை காகிதக் கவரில் போட்டுச் சில நாள் விட்டு மறுபடி அணியலாம். ஐந்து முறைக்கு மேல் வேண்டாம், நாடா தளர்ந்துவிடும்.

சானிடைசரில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் இருக்க வேண்டும். வாந்தி, பேதி வைரஸுக்கு அது போதாது. சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும்.

தகவலுக்கு வாட்ஸ்அப்பை நம்ப வேண்டாம். 2023 மார்ச்சில் இன்ஃப்ளுயன்ஸா பரவி, புதுச்சேரியில் 8ஆம் வகுப்பு வரை விடுமுறை விட்டபோது, ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி விழுங்காதீர்கள் என்று இந்திய மருத்துவச் சங்கம் சொன்னது. வைரஸ் மீது அந்த மாத்திரை வேலை செய்யாது. கடலூரிலிருந்து 104-ஐ அழைத்தால் அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் காய்ச்சல் வந்த 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இன்ஃப்ளுயன்ஸா மருந்து அதற்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நகச்சாயம் இல்லாத விரலில் ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ 108-ஐ அழையுங்கள்.