மாணவர் விசா: அதிகாரியின் முடிவும் மென்பொருளின் முடிவும்

மாணவர் விசா விண்ணப்பங்களைத் தீர்ப்பதில் மூன்று முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்கத் தூதரகங்களில் ஓர் அதிகாரி விண்ணப்பதாரரை நேரில் பார்த்து, சில நிமிடங்கள் பேசி, அங்கேயே முடிவு சொல்கிறார். பிரிட்டன் 2015 முதல் 2020 வரை, விண்ணப்பங்களை மென்பொருள் தரம் பிரித்துக் கொடுக்க, அதன்பின் அதிகாரி முடிவெடுக்கும் முறையைக் கையாண்டது. கனடாவில் சில வகை விண்ணப்பங்களின் தகுதியை மென்பொருளே ஏற்றுக்கொள்ளலாம். மறுப்பதானால் ஓர் அதிகாரிதான் மறுக்க வேண்டும். மூன்று நாடுகளிலுமே மறுப்பின் கடைசிக் கையெழுத்து மனிதருடையது என்று அரசுகள் சொல்கின்றன. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதில்தான் இம்முறைகள் வேறுபடுகின்றன.

அமெரிக்க முறையில் எல்லாமே மனிதரின் கணிப்பு. 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு வருகிறார் என்று முன்கூட்டியே கருதிக்கொள்கிறது. அப்படியல்ல என்று அதிகாரியை நம்பவைக்கும் பொறுப்பு மாணவருடையது. இதில் ஒரு நன்மை உண்டு. பட்டம் பெற்றபின் இரண்டு ஆண்டு ஏன் இடைவெளி, அரியர் ஏன் இத்தனை, மெக்கானிக்கல் படித்தவர் ஏன் டேட்டா சயன்ஸுக்குப் போகிறார் என்ற கேள்விகளுக்கு மாணவர் வாய்திறந்து பதில் சொல்ல முடிகிறது. அந்தப் பதிலைக் கேட்டு அதிகாரி மனம் மாறவும் முடியும். ஆனால் மறுக்கப்பட்டவர் கையில் கிடைப்பது பிரிவு எண்ணைக் குறிப்பிடும் அச்சிட்ட தாள் மட்டுமே. தூதரக அதிகாரியின் இந்த முடிவை அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாக மறுஆய்வு செய்வதில்லை. சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்துக்குப் போகும் மாணவர்கள், எந்தக் கவுன்ட்டர் அதிகாரி எளிதில் விடுவார், எவர் விடமாட்டார் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது இதனால்தான். தீர்ப்பவரைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும் என்பதை அவர்கள் பட்டியல் போட்டே வைத்திருக்கிறார்கள்.

அந்த ஏற்றத்தாழ்வைப் போக்குவதற்குத்தான் மென்பொருள் வேண்டும் என்பது மறுதரப்பின் வாதம். ஒரே விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தும், காலையில் வந்த விண்ணப்பத்துக்கும் மாலையில் வந்ததற்கும் வேறுபாடு இராது என்கிறார்கள். பிரிட்டனின் அனுபவம் இந்த வாதத்தைப் பாதி உடைத்துவிட்டது. அங்கே உள்துறை பயன்படுத்திய கருவி விசா விண்ணப்பங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தது. பிரிப்பதற்கு எடுத்துக்கொண்ட காரணிகளில் குடியுரிமை நாடும் ஒன்று. ஒரு நாட்டவர் பலர் மறுக்கப்பட்டால் அந்த நாட்டின் ஆபத்து மதிப்பீடு ஏறும். மதிப்பீடு ஏறினால் அடுத்து வருபவரின் விண்ணப்பம் கடும் சந்தேகத்தோடு பார்க்கப்படும். அதனால் மறுப்புகள் இன்னும் கூடும். பழைய அதிகாரிகளின் ஒருதலைப்போக்கு இப்படிப் புதிய அதிகாரியின் மேசைக்கு வண்ணம் பூசிக்கொண்டு வந்து சேர்ந்தது. குடியேறிகள் நலனுக்கான ஜேசிடபிள்யூஐ அமைப்பும் ஃபாக்ஸ்குளோவ் என்ற சட்ட அமைப்பும் வழக்குத் தொடுத்தபின், 2020 ஆகஸ்டில் உள்துறை அந்தக் கருவியை நிறுத்திவைத்தது.

இதைவிடக் கசப்பான பாடம் அதே நாட்டில் மாணவர்களுக்கு நேர்ந்தது. 2014இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, மாணவர் விசா நீட்டிப்புக்கான டோயிக் ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதை அம்பலப்படுத்தியது. மோசடி நடந்தது உண்மை. தேர்வை நடத்திய ஈடிஎஸ் நிறுவனம், பதிவு செய்யப்பட்ட குரல்களை முதலில் குரலறி மென்பொருளால் சலித்தது. சந்தேகத்துக்குள்ளானவற்றைப் பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியே கேட்டு உறுதி செய்தார்கள். இயந்திரம், அதன்மேல் மனிதச் சரிபார்ப்பு என்று காகிதத்தில் பார்த்தால் இதைவிடக் கவனமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் வந்த விடை என்ன? 2011 முதல் 2014 வரை நடந்த 58,000க்கும் மேற்பட்ட தேர்வுகளில் 97 சதவீதம் சந்தேகத்துக்குரியவை. அவற்றில் ஏறத்தாழ 34,000 செல்லாதவை, 22,000 கேள்விக்குரியவை. நூற்றுக்கு மூன்று பேர்தான் யோக்கியர் என்று சொல்லும் முடிவைக் கண்டதும் சலித்த முறையைச் சந்தேகிப்பதே இயல்பான அறிவு. உள்துறை அதைச் செய்யவில்லை; பட்டியலை ஏற்றுக்கொண்டு விசாக்களை ரத்து செய்யத் தொடங்கியது. பலருக்கு நாட்டுக்குள் இருந்துகொண்டு மேல்முறையீடு செய்யும் உரிமையும் இருக்கவில்லை. நன்றாக ஆங்கிலம் பேசும் மாணவர்கள் தங்கள் பெயரை மீட்க ஆண்டுக்கணக்கில் வழக்காட நேர்ந்தது. அதிகாரி அறையில் இருந்தும் பயனில்லாமல் போனதற்கு, இயந்திரம் தந்த எண்ணை மறுத்துப் பேசுவது அவருடைய வேலையாக வகுக்கப்படாததே காரணம் என்று நான் கருதுகிறேன்.

கனடா இந்த இரண்டையும் பார்த்து நடுவழி கண்டதுபோல் தோன்றுகிறது. 2018இல் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த சுற்றுலா விசா விண்ணப்பங்களில் தொடங்கிய தரம்பிரிப்பு முறையில், சிக்கலற்றவை என்று மென்பொருள் கருதுபவற்றின் தகுதி உடனே ஏற்கப்படுகிறது. பாதுகாப்பு முதலியவற்றை அதிகாரி பார்க்கிறார். மற்றவை முழுமையாக அதிகாரியிடம் போகின்றன. படிப்பு அனுமதி நீட்டிப்புகளுக்கும் பின்னர் இத்தகைய தானியங்கி முறை சோதிக்கப்பட்டது. இயந்திரம் 'ஆம்' சொல்லலாம், 'இல்லை' சொல்லக்கூடாது என்ற இந்த விதி எனக்கு உடன்பாடானது. தவறான 'ஆம்' என்பதை எல்லையிலோ பின்னரோ திருத்திக்கொள்ளலாம். தவறான 'இல்லை' என்பதால் ஒரு கல்வியாண்டே போய்விடும்.

ஆனால் 'இல்லை' சொல்லும் கனடிய அதிகாரி எப்படிச் சொல்கிறார் என்பதை நீதிமன்ற வழக்குகள் வெளிக்கொணர்ந்தன. 2018இல் உருவாக்கப்பட்ட சினூக் என்ற கருவி, மைக்ரோசாஃப்ட் எக்செல் அட்டவணை வடிவில் பல விண்ணப்பங்களின் விவரங்களை வரிசை வரிசையாக அதிகாரிக்குக் காட்டுகிறது. மறுப்புக் குறிப்புக்கான ஆயத்த வாசகங்களையும் தருகிறது. இதில் செயற்கை நுண்ணறிவு இல்லை, முடிவெடுப்பதும் இதுவல்ல என்று குடிவரவுத் துறை சொல்கிறது. அது சரியாகவே இருக்கலாம். 2023இல், ஒரு வேலை அனுமதி வழக்கில், முடிவெடுத்தது அதிகாரிதான், மென்பொருளல்ல என்று கனடியக் கூட்டாட்சி நீதிமன்றமும் ஏற்றது. எனினும், 'படிப்பு முடிந்தபின் கனடாவை விட்டு வெளியேறுவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை' என்ற ஒரே வாசகம் கடிதத்துக்குக் கடிதம் வரும்போது, ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கித் தான் இரவெல்லாம் எழுதிய எஸ்ஓபி கடிதத்தை யாராவது படித்தார்களா என்று மாணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மனிதர் செய்தாலும் வேலை இயந்திரத்தனமாக இருக்க முடியும்; முறைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அதில் மென்பொருளே வெல்லும். மோசடியைக் கண்டுபிடிப்பதிலும், ஆவணம் உண்மையா என்ற கேள்வியைப் பொறுத்தவரை, அதிகாரியின் அனுபவத்தைவிட நேரடிச் சரிபார்ப்பே மேல். 2023இல் கனடாவில் பஞ்சாபைச் சேர்ந்த மாணவர்கள் பலருடைய கல்லூரிச் சேர்க்கைக் கடிதங்கள் போலி என்று தெரியவந்தபோது, அந்தக் கடிதங்களைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்து விசா வழங்கியவர்கள் அனுபவமுள்ள அதிகாரிகள்தான். ஏமாற்றிய முகவரை நம்பி வந்த மாணவர்கள்தான் நாடுகடத்தும் நோட்டீஸை எதிர்கொண்டார்கள். 2023 டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு கடிதத்தையும் உரிய கல்லூரியே இணையவழியில் உறுதி செய்ய வேண்டும் என்று கனடா விதித்தது. கல்லூரி 'நம்முடையது' என்றோ 'இல்லை' என்றோ சொல்லிவிடலாம், ஊகத்துக்கு இடமில்லை. வங்கி வைப்பு, தேர்வு மதிப்பெண், கட்டண ரசீது ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஊகம் வேண்டியிருப்பது ஒருவரின் எண்ணத்தைப் பற்றித்தான். படிக்க வருகிறாரா, தங்கிவிட வருகிறாரா என்பதற்குத் தரவுத்தளம் எதிலும் விடை கிடையாது. மென்பொருளிடம் கேட்டால் அதே ஊர், அதே வயது, அதே வருமானம் உள்ள மற்றவர்கள் முன்பு என்ன செய்தார்கள் என்பதைத்தான் அது சொல்லும். இந்த இடத்தில் அதிகாரியே தேவை என்று நான் சொல்வேன். ஆனால் கவுன்ட்டரில் சில நிமிடம் பேசிவிட்டு அச்சுத்தாளை நீட்டுபவராகவோ, அட்டவணையின் வரிசையைப் பார்த்து ஆயத்த வாசகத்தை எடுப்பவராகவோ அவர் இருந்தால், மென்பொருளைவிட அவர் எந்த விதத்திலும் உயர்ந்தவரல்ல.

அப்படி ஆகாதிருக்க, ஏன் மறுத்தோம் என்று அதிகாரி காரணம் எழுத வேண்டும். இந்தக் கடமையில் கனடா ஒரு படி முன்னே வந்திருக்கிறது. அங்கே முன்பு அதிகாரியின் குறிப்பைப் பெறத் தகவல் கோரும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது; 2025 ஜூலை இறுதியிலிருந்து படிப்பு அனுமதி உள்ளிட்ட சில வகை மறுப்புக் கடிதங்களோடு அந்தக் குறிப்பைத் துறையே இணைத்து அனுப்பத் தொடங்கியது. 2024 அக்டோபரில் கூட்டாட்சி நீதிமன்றம் படிப்பு அனுமதி மறுப்புகளுக்கென்று எளிமையான ஒரு சோதனைமுறையைத் தொடங்கி, ஏறத்தாழ ஐந்து மாதத்தில் தீர்ப்பளிப்பதை இலக்காக வைத்தது. விண்ணப்பத்தை எளியது, சிக்கலானது என்று பிரிக்கும் விதிகள் மட்டும் இன்னும் வெளியிடப்படவில்லை; முறைகேடு செய்வோர் அவற்றைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று துறை காரணம் கூறுகிறது. நீதிமன்றத்திடமாவது அவற்றை மூடிய உறையில் கொடுக்கலாம். மறுத்த அதிகாரியின் குறிப்பும், விண்ணப்பத்தைச் சிக்கலானது என்று மென்பொருள் பிரித்த காரணமும் ஒரே கோப்பில் இருந்தால்தான், எது எதைப் பின்பற்றியது என்று நீதிபதி பார்க்க முடியும்.