கடை அட்டையில் இருந்த கடல் எல்லைப் புள்ளிகள் தப்பு: ஜிபிஎஸ் வைத்திருக்கும் படகுக்காரர்கள் கவனத்துக்கு

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் வடகடலில் தொழில் பார்க்கிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கையில் பிடிக்கிற ஜிபிஎஸ் ஒன்றை வாங்கி நான் ஏமாந்தேன். பணம் போனது போகட்டும். அந்தக் கடையில் எனக்குக் கொடுத்த அதே அட்டை இன்னும் எத்தனை படகில் தொங்குகிறதோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

2023 அக்டோபரில் பழைய கருவி தண்ணீர் ஏறிச் செத்துவிட்டது. டவுனில் ஒரு கடைக்குப் போனேன். "புதுசுண்ணே, பெட்டி மட்டும்தான் கசங்கிப்போச்சு" என்று 14,500 ரூபாய்க்கு ஒன்றைக் கொடுத்தார்கள். கூடவே 200 ரூபாய்க்கு லேமினேட் போட்ட ஓர் அட்டை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மூலையில் ஓட்டை போட்டு நைலான் கயிறு கட்டியிருந்தது. "கடல் எல்லை பாயிண்ட்" என்று நீல எழுத்தில் தலைப்பு, கீழே ஆறு வரி எண்கள். அந்த ஆறையும் கருவியில் ஏற்றித் தருவதற்குத் தனியாக 300 ரூபாய். பில்லில் வெறும் "ஜிபிஎஸ் 1" என்று எழுதினார்கள். வரிசை எண் எழுதச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கடை வாசலிலேயே சோதித்துக் காட்டினார்கள். அங்கே ஒரு புள்ளியைப் பதிந்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து திரும்பினோம். சரியாக அதே இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது. நான் திருப்தியாக வந்துவிட்டேன். ஆனால் அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது. கருவியின் செட்டிங் எவ்வளவு தப்பாக இருந்தாலும், தானே பதிந்த இடத்துக்கு அது ஒழுங்காகத் திரும்பிவிடும். அடுத்தவர் சொன்ன எண்ணை ஏற்றும்போதுதான் குட்டு வெளிப்படும்.

என் விஷயத்திலும் அப்படித்தான். முதல் ஒரு மாதம் என் வலைகளை நானே பதிந்து நானே எடுத்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் மச்சான் நண்டு வலை இறக்கிய இடத்தின் எண்ணைப் போனில் சொன்னான். விடிகிற நேரம், கடல் சீராகக் கிடந்தது. கருவி "வந்து சேர்ந்தாய்" என்று காட்டிய இடத்தில் வலையும் இல்லை, மிதவையும் இல்லை. மச்சான் படகு தென்கிழக்கே கால் கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு கை காட்டுகிறது. மறுநாளும் அதே தூரம், அதே திசை.

கடைக்குத் திரும்பப் போனேன். "அமெரிக்காக்காரன் சிக்னலைக் குழப்பிவிடுறாண்ணே, நாம என்ன பண்றது" என்றார். சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து, 100 மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டிய வழக்கம் முன்பு இருந்தது உண்மைதான். அதை அமெரிக்கா 2000 மே மாதத்திலேயே நிறுத்திவிட்டது. அது எனக்கு அன்று தெரியாது. "ஆன்டெனா வீக், மாத்தினாச் சரியாயிடும்" என்று இன்னும் 2,500 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு நாள் கழித்து வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோனால் அதே கால் கிலோமீட்டர், அதே திசை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு 2,500 ரூபாய் மிச்சமாகும். ஆன்டெனாவோ சிக்னலோ சரியில்லை என்றால் கருவி காட்டும் இடம் அலையும். இப்போது கிழக்கே, கொஞ்ச நேரத்தில் வடக்கே, சில நேரம் சிக்னலே இல்லை என்று சொல்லும். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் அப்படி ஆகும். பல நாள் அணைத்து வைத்த கருவியைப் போட்டவுடன் நம்பினாலும் ஆகும். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையையும் வானத்திலிருந்து வாங்க அதற்குப் பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். திறந்த வெளியில் கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பார்த்தால், கையளவு கருவிகூட பத்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே தூரம், ஒரே திசையில் தள்ளி நின்றால் அது செட்டிங் கோளாறு. அதற்கு ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை.

இதற்கிடையில்தான் அந்த ராத்திரி வந்தது. கச்சத்தீவுக்கு மேற்கே வலை விட்டிருந்தோம். கருவியில் பார்த்தால் எல்லைக் கோட்டுக்கு முன்னூறு மீட்டர் நம் பக்கம்தான் நிற்கிறேன். வயர்லெஸ்ஸில் மச்சான் கத்துகிறான்: "மச்சான், கோட்டைத் தாண்டி நிக்கிற, உடனே திருப்பு!" வலையை அறுத்துவிட்டுத் திரும்பினோம். படகில் என்னோடு மூன்று பேர், ஒருவனுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள். அந்தப் பக்கம் பிடிபட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆள் திரும்பி வந்தாலும் படகு வருவதில்லை.

அடுத்த நாள் பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் கருவியை வாங்கிப் பார்த்தான். முதலில் அவன் கண்ணில் பட்டது தேதி. "மாமா, இது 2004 காட்டுது" என்றான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை எண்ணித்தான் தேதி சொல்கின்றன. அந்த எண்ணிக்கை 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை திரும்பியது, 2019 ஏப்ரல் 6 அன்று இன்னொரு முறை. அதற்குத் தயார் செய்யாத பழைய கருவிகள் பத்தொன்பது வருடத்துக்கு மேல் பின்னால் போய்விடும். இடம் சரியாகக் காட்டலாம், தேதி மட்டும் தப்பாக இருக்கும். ஆக, எனக்குப் "புதுசு" என்று விற்றது யாரோ கழித்துப் போட்ட பழசு. மேல் மூடியைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்து மேப் டேட்டம் என்ற செட்டிங். இட எண்களை எந்தக் கணக்கில் அளப்பது என்று கருவிக்குச் சொல்வது அது. உலகம் முழுக்க ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணக்கில். என் கருவியில் "இந்தியன்" என்று இருந்தது. இந்தியாதானே, சரி என்றுதான் யாருக்கும் தோன்றும். அது பழைய சர்வே வரைபடங்களுக்கான எவரெஸ்ட் கணக்கு, 1830-ஐச் சேர்ந்தது. நம் பகுதியில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட கால் கிலோமீட்டர் வித்தியாசம். மச்சான் படகு தள்ளி நின்ற தூரம் அதுதான். ஆன்டெனா மாற்றியதாகச் சொன்னவர் இந்த ஒரு வரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பையன் அரை நிமிடத்தில் மாற்றினான்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவன்தான் அட்டையையும் கேட்டான். இந்தியாவும் இலங்கையும் 1974 ஜூனில் போட்ட ஒப்பந்தத்தில் பாக் நீரிணை எல்லைக்கு ஆறு புள்ளிகள் இருக்கின்றன. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தான். நாலு புள்ளிகள் சரி. அவை முழு நிமிடத்தில் இருப்பதால் தப்பு வர வழியில்லை. மூன்றாவதும் நாலாவதும் அப்படியில்லை. ஒப்பந்தத்தில் நாலாவது புள்ளி வடக்கு 9 டிகிரி 21.80 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 30.70 நிமிடம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடத்தின் பின்னம். அதை 60-ஆல் பெருக்கினால்தான் விநாடி வரும். அட்டை போட்டவர் அதையே விநாடி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். 80 விநாடி, 70 விநாடி என்று கருவியில் ஏறாதே, அதனால் ஒரு நிமிடத்தைக் கூட்டி 22 நிமிடம் 20 விநாடி, 31 நிமிடம் 10 விநாடி என்று எழுதிவிட்டார். கிழக்கே மட்டும் 28 விநாடி தள்ளிப்போகிறது. இங்கே ஒரு விநாடி முப்பது மீட்டர். கணக்குப் போட்டால் 850 மீட்டர். உண்மையான கோடே கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல்தான். அதில் பாதியை அட்டை விழுங்கிவிட்டது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கருவி பழசு என்று ஒப்புக்கொள்ளவில்லை, பில்லில் வரிசை எண் இல்லையே என்றார். அதைக்கூட விட்டுவிடலாம். "இந்த அட்டையை விற்காதீங்க தம்பி, இதை நம்பி உயிர் போகும்" என்றேன். "இதுவரைக்கும் யாரும் குறை சொல்லலண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அந்த அட்டைக் கட்டு மேசை மேலேயே இருந்தது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே தேதியைப் பாருங்கள், டேட்டத்தைப் பாருங்கள், பில்லில் வரிசை எண்ணை எழுத வையுங்கள். பக்கத்தில் உங்கள் போனை வைத்து இரண்டும் ஒரே எண் காட்டுகிறதா என்று ஒப்பிடுங்கள். வயர்லெஸ்ஸில் எண் சொல்லும்போது புள்ளியா விநாடியா என்று சேர்த்துச் சொல்லுங்கள். 17.50 நிமிடத்தை 17 நிமிடம் 50 விநாடி என்று எடுத்துக்கொண்டால் 600 மீட்டர் தள்ளிப் போய்விடுவோம்.

அட்டை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்றே அதை எடுத்துப் பாருங்கள். விநாடிக் கணக்கில் எழுதியிருந்தால், மூன்றாவது புள்ளி வடக்கு 9 டிகிரி 40 நிமிடம் 09 விநாடி, கிழக்கு 79 டிகிரி 22 நிமிடம் 36 விநாடி என்று இருக்க வேண்டும். நாலாவது வடக்கு 9 டிகிரி 21 நிமிடம் 48 விநாடி, கிழக்கு 79 டிகிரி 30 நிமிடம் 42 விநாடி. வேறு எண் இருந்தால் அட்டையைக் கிழித்துப் போடுங்கள். கருவியில் ஏற்றிய புள்ளிகளையும் அழித்துவிட்டு, மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுப் புதிதாக ஏற்றிய பிறகு கடலுக்குப் போங்கள்.